பாக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி: ஒவ்வாமை அறிவிப்பைப் படிப்பது எப்படி?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் படம் வந்தது. பின்பக்கத்தில் இருந்த ஒரு வரியைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். கோதுமை, பால், சோயா, சல்ஃபைட் ஆகியவை இதில் உண்டு என்று சொல்லும் வரி. கீழே ஒரு குறிப்பு: “கம்பெனிக்காரனே ஒத்துக்கொண்டுவிட்டான், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.” பத்து நிமிடத்துக்குள் ஏழு பேர் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டார்கள்.

அதே குழுவில் இருக்கும் என் தங்கைக்கு அந்த வரி வேறு மாதிரி. அவள் மகனுக்கு வேர்க்கடலை ஆகாது. நாலு வயதில், பக்கத்து வீட்டில் கொடுத்த கடலை மிட்டாயை ஒரே ஒரு கடி கடித்தான். கால் மணி நேரத்துக்குள் உதடு தடித்து, உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடிய அந்த இரவுக்கு அப்புறம், பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்காமல் அவள் எதையும் வாங்கியதில்லை.

ஏழு பேருக்குப் பூச்சாண்டியாகத் தெரிந்த அந்த வரியை நம்பித்தான் ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கிறாள். அது தரக்குறைவைப் பற்றிய எச்சரிக்கையே அல்ல. கோதுமையும் பாலும் ஒத்துக்கொள்கிறவருக்கு அந்த வரியால் ஒன்றுமில்லை. ஒத்துக்கொள்ளாதவருக்கோ அதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வாமை வேறு, ஒத்துக்கொள்ளாமை வேறு

நாம் ‘அலர்ஜி’ என்ற சொல்லை இஷ்டத்துக்குப் பயன்படுத்துகிறோம். பால் குடித்தால் வயிறு உப்புகிறது, அலர்ஜி. பஜ்ஜி சாப்பிட்டால் நெஞ்சு கரிக்கிறது, அலர்ஜி. இதில் பெரும்பாலானவை அலர்ஜியே அல்ல.

பாலையே எடுத்துக்கொள்வோம். பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க ஒரு நொதி வேண்டும். வளர்ந்த பிறகு பலருக்கு அந்த நொதி குறைந்துபோகிறது. செரிக்காத சர்க்கரை குடலில் புளித்து வயிற்றை உப்ப வைக்கிறது, வயிற்றுப்போக்கும் வரலாம். அவதிதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. இது ஒத்துக்கொள்ளாமை.

பால் ஒவ்வாமை என்பது பாலில் உள்ள புரதத்தை நம் உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பு எதிரி என்று நினைத்துத் தாக்குவது. இங்கே சர்க்கரைக்கு வேலையே இல்லை. அதனால்தான் ‘லாக்டோஸ் இல்லாத பால்’ முதல் வகைக்காரருக்கு நல்லது, இரண்டாம் வகைக்காரருக்கு ஆபத்து. சர்க்கரை போய்விட்டாலும் புரதம் அப்படியே இருக்கிறதே! இந்த ஒரு குழப்பம் தீர்ந்தாலே பாதி விபத்து குறையும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது?

தெருநாய்களைப் பாருங்கள். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் முதல் தடவை தெருவுக்குள் வரும்போது ஒரு நாய் முகர்ந்து பார்க்கிறது. ஏனோ அதற்குப் பிடிக்கவில்லை. அன்று பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் அடுத்த தடவை காக்கிச் சட்டை தெருமுனையில் தெரிந்ததுமே அந்த நாய் குரைக்கிறது, கேட்ட நாய்களெல்லாம் சேர்ந்துகொள்கின்றன, தெருவே அமளிப்படுகிறது. வந்தவர் தபால்காரர், கெடுதல் செய்ய வந்தவர் அல்ல. அது நாய்களுக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வாமையும் இப்படித்தான் தொடங்குகிறது. ஒரு உணவுப் புரதத்தை உடம்பு தவறாக எதிரி என்று குறித்துக்கொள்கிறது. அதை அடையாளம் காண ‘ஐஜிஇ’ என்ற எதிர்ப்பான்களை உண்டாக்குகிறது. எதிர்ப்பான் என்பது குறிப்பிட்ட ஒரு அன்னியப் பொருளோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் புரதம். இவை தோல், மூச்சுக்குழாய், குடல் என்று எங்கும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அதே புரதம் மறுபடி உள்ளே வந்து இவற்றில் மாட்டியதும், மாஸ்ட் செல்கள் தம்மிடம் சேர்த்து வைத்திருக்கும் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருட்களை ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. அரிப்பு, தடிப்பு, வீக்கம், வாந்தி எல்லாம் அதன் விளைவு. மூச்சுக்குழாய் சுருங்கி, ரத்த அழுத்தம் விழுந்து, உயிரே போகும் நிலைக்குச் சென்றால் அதற்கு அனாபிலாக்சிஸ் என்று பெயர். அப்போது முதலில் போட வேண்டியது அட்ரினலின் ஊசி. அரிப்புக்குப் போடும் மாத்திரை அதற்கு ஈடாகாது.

தெரு உவமையை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். காக்கிச் சட்டை யார் போட்டுக்கொண்டு வந்தாலும் நாய் குரைக்கும். முந்திரிப் புரதமும் பிஸ்தாப் புரதமும் ஒரே மாதிரிச் சட்டை போட்டவை. முந்திரி ஆகாதவருக்கு பிஸ்தாவும் ஆகாமல் போவது இதனால்தான்.

வீட்டுப் பெரியவர்கள் அன்போடுதான் சொல்வார்கள், “துளித்துளியாகக் கொடு, பழகிவிடும்” என்று. தயவுசெய்து இதை மட்டும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். துளித்துளியாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை உண்டு, ஆனால் அது சிறப்பு மருத்துவரின் மேற்பார்வையில், அளந்து, கண்காணித்துச் செய்வது. மற்றபடி இன்றைக்கு இருக்கும் முதல் மருந்து, அந்தப் பொருளைத் தொடாமல் இருப்பதுதான்.

இன்னொரு நோயையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிலருக்கு, உடம்பின் எதிர்ப்பு அமைப்பே சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. இது சீலியாக் நோய். இதில் உதடு வீங்காது, மூச்சு இழுக்காது. மெல்ல மெல்ல உடம்பு இளைக்கும், ரத்தசோகை வரும், குழந்தை வளராது. ஐஜிஇ வழியில் வருவதல்ல என்றாலும், இவர்களுக்கும் காவல் அதே பின்பக்க வரிதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: செரிக்காமல் போவது ஒத்துக்கொள்ளாமை. புரதத்தை எதிரி என்று உடம்பு தாக்குவது ஒவ்வாமை. சிறிதளவு போதும், ஆபத்து வர. ஆகவே தவிர்க்க வேண்டும், தவிர்ப்பதற்கு எதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

இந்தியப் பட்டியலில் இருப்பவையும் இல்லாதவையும்

ஏறக்குறைய எந்த உணவும் யாரோ ஒருவருக்கு ஒவ்வாமல் போகலாம். எல்லாவற்றையும் தனியே எடுத்துச் சொல்ல பாக்கெட்டில் இடம் இருக்காது. அதனால் ஒவ்வொரு நாடும், அதிகம் பேரை அதிகம் பாதிப்பவற்றுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இந்தியாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ என்று நாம் சொல்லும் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளில் இருப்பது எட்டு வகை: குளூட்டன் உள்ள தானியங்கள், இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகள், பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டைகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்கும் சல்ஃபைட். முதல் ஏழிலும் குற்றவாளி புரதம். சல்ஃபைட் புரதம் அல்ல, உலர்பழங்கள் கறுக்காமல் இருக்கவும் பிஸ்கட் மாவு இளகவும் சேர்க்கும் ரசாயனம். ஆஸ்துமா இருப்பவர்களில் சிலருக்கு இது மூச்சுத் திணறலைக் கிளப்பிவிடும் என்பதால் பட்டியலில் இடம் பிடித்திருக்கிறது.

இந்த எட்டில் ஒன்று சேர்ந்திருந்தால், அதைப் பெயர் சொல்லித் தனியாக அறிவிக்க வேண்டும். இது கட்டாயம்.

சரி, பட்டியலில் இல்லாதவை? எள்ளும் கடுகும் இல்லை. நம் சமையலில் இவை இல்லாத நாள் உண்டா? ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 14 வகை, அதில் எள், கடுகு இரண்டும் உண்டு. அமெரிக்காவில் எட்டாக இருந்த பட்டியலில் 2023 ஜனவரி 1 முதல் ஒன்பதாவதாக எள் சேர்ந்தது. இந்தியாவில் எள் ஒவ்வாத ஒருவர், அந்தத் தனி வரியை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைய முடியாது. சேர்மானப் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். மசாலாக் கலவை என்று பொதுவாகப் போட்டிருந்தால் அதுவும் போதாது, நிறுவனத்தைக் கேட்டால்தான் உண்டு.

எள்ளைப் பற்றிச் சொல்லும்போது இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2016இல் நடாஷா என்ற 15 வயதுப் பெண், விமான நிலையக் கடையில் வாங்கிய ஒரு சாண்ட்விச்சைச் சாப்பிட்டு இறந்துபோனாள். ரொட்டி மாவுக்குள்ளேயே எள் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. கடையிலேயே செய்து பொதிந்து விற்பவற்றுக்கு முழு லேபிள் தேவையில்லை என்பது அப்போதைய சட்டம், அதனால் உறையில் எள்ளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவள் பெற்றோர் விடாமல் போராடினார்கள். 2021 அக்டோபர் 1 முதல் அப்படிப் பொதிந்து விற்கும் உணவிலும் எல்லாச் சேர்மானங்களையும் எழுதி, ஒவ்வாமைப் பொருட்களை எடுப்பாகக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. அதை அங்கே நடாஷா சட்டம் என்றே சொல்கிறார்கள்.

ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்போம்

பாக்கெட்டில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். விதிப்படி ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும். தமிழில் எழுதத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு பாட்டி தன் பேரனுக்கு பிஸ்கட் வாங்கும்போது அவருக்கு இந்த வரியால் எந்தப் பயனும் இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. மூன்று அங்குல பாக்கெட்டில் விளம்பரத்துக்கு இடமிருக்கும்போது, நாலு சொல் தமிழில் போட இடமில்லாமல் போகாது.

அதுவரைக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்றொடர்களைக் கண்ணால் அடையாளம் காணப் பழகினால் போதும். ‘கன்டெய்ன்ஸ்’ என்றால் ‘இதில் இருக்கிறது’. ‘மே கன்டெய்ன்’ என்றால் ‘இதில் இருக்கலாம்’. வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மளிகைப் பைக்குள் போட்டு வைக்கச் சொல்லலாம்.

அந்த வாட்ஸ்அப் படத்துக்கு வருவோம். மேலே சேர்மானப் பட்டியல். எடையில் அதிகமாக இருப்பது முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசை. மைதா, சர்க்கரை, பாமாயில் என்று போய், நடுவில் பால் திடப்பொருள், கடைசிப் பக்கம் 322 என்ற எண், 223 என்ற எண். கீழே தனி வரி: கோதுமை, பால், சோயா, சல்ஃபைட் உண்டு.

சோயாவும் சல்ஃபைட்டும் எங்கிருந்து வந்தன? 322 என்பது லெசித்தின். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்கும் பொருள், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. 223 என்பது சோடியம் மெட்டாபைசல்ஃபைட், மாவை இளக்குவதற்கு. எண்ணைப் பார்த்து இதையெல்லாம் யார் கண்டுபிடிப்பார்கள்? அந்தத் தனி வரி நமக்காக மொழிபெயர்த்துச் சொல்கிறது. மைதா என்றால் கோதுமை, கேசீன் என்றாலும் வே என்றாலும் பால், அல்புமின் என்றால் பெரும்பாலும் முட்டை, மால்ட் என்றால் வழக்கமாக பார்லி. பெயர் எத்தனை வேஷம் போட்டாலும் தனி வரியில் உண்மைப் பெயர் வந்தாக வேண்டும்.

முன்பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளியை நம்பி ஏமாறுகிறவர்களும் உண்டு. பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும்தான் சொல்கிறது. நம் நாட்டு விதியில் பால் சைவம். ஆக பச்சைப் புள்ளி இருந்தால் பால் இல்லை என்று பொருளல்ல. வேர்க்கடலை, முந்திரி, சோயா எதுவும் இருக்கலாம்.

தோசைக்கல் சொல்லும் பாடம்

‘இருக்கிறது’ புரிகிறது. ‘இருக்கலாம்’ என்றால் என்ன? போட்டார்களா, போடவில்லையா என்று செய்தவருக்கே தெரியாதா?

இதை நமக்கு விளக்குவது மிகவும் எளிது. முட்டை சாப்பிடாத ஒருவர் ஓட்டலில் போய், “முட்டை தோசை ஊற்றுகிற அதே கல்லா?” என்று கேட்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் கேட்டது சாதா தோசை, மாவில் முட்டை கிடையாது. ஆனால் கல்லில், தோசைத் திருப்பியில் முட்டை ஒட்டியிருக்குமே! இதுதான் குறுக்குக் கலப்பு. செய்முறையில் இல்லாத பொருள், கருவி வழியாகவோ இடம் வழியாகவோ கைதவறி வந்து சேர்வது.

தொழிற்சாலையிலும் இதேதான். காலையில் வேர்க்கடலை சாக்லெட் ஓடிய அதே இயந்திரத்தில் மாலையில் சாதா சாக்லெட் ஓடுகிறது. கழுவுகிறார்கள், ஆனாலும் மூலை முடுக்கில் தூள் தங்கலாம். அதற்காகத்தான் ‘வேர்க்கடலை இருக்கலாம்’ என்ற வரி.

இங்கே இரண்டு தவறான முடிவுகளுக்கு ஆட்கள் வருகிறார்கள். “எல்லாவற்றிலும்தான் போடுகிறான், சும்மா சட்டத்துக்குப் பயந்து எழுதுகிறான்” என்று சாப்பிட்டுவிடுவது ஒன்று. பல பாக்கெட்டுகளில் ஒன்றும் இருக்காது என்பது உண்மைதான், ஆனால் எந்த பாக்கெட்டில் இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. இரண்டாவது இன்னும் ஆபத்தானது: அந்த வரி இல்லாவிட்டால் கலப்பே இல்லை என்று நம்புவது. நம் விதிகள் ‘இருக்கலாம்’ என்று எழுத இடம் தருகின்றன. ‘இருக்கிறது’ என்பதைப் போல அது கண்டிப்பான அறிவிப்பு அல்ல. எவ்வளவு கலந்தால் எழுத வேண்டும் என்ற அளவும் அதில் இல்லை. எழுதாத நிறுவனம் சுத்தமாகச் செய்திருக்கலாம், யோசிக்காமலும் விட்டிருக்கலாம்.

தயாரிப்பவருக்கே தெரியாமல் கலப்பது இன்னொரு கதை. 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் அமெரிக்காவில், சீரகத்தூளில் வேர்க்கடலை கலந்திருந்தது தெரியவந்தது. அந்தத் தூளை வாங்கி மசாலாவாக, சாஸாக, பதப்படுத்திய இறைச்சியாகச் செய்தவர்கள் எல்லோரும் பொருட்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்த லேபிள்களை எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குக் கிடைத்த தூளில் என்ன இருந்தது என்பது அவர்களுக்கே தெரியாது.

சுருக்கமாக: ‘இருக்கிறது’ என்பது தெரிந்து போட்டது, எழுதியே ஆக வேண்டும். ‘இருக்கலாம்’ என்பது தெரியாமல் வந்திருக்கக் கூடியது. இரண்டும் இல்லாவிட்டால், அந்த எட்டு வகையில் எதையும் தெரிந்து போடவில்லை என்று மட்டுமே பொருள்.

‘கடலை’ என்றால் எந்தக் கடலை?

தமிழில் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கடலை மிட்டாயில் இருப்பது வேர்க்கடலை. கடலை மாவில் இருப்பது கடலைப்பருப்பு, அதாவது கொண்டைக்கடலை இனம். கடலை எண்ணெய் வேர்க்கடலை. சட்னிக்குப் போடும் பொட்டுக்கடலை மறுபடி கொண்டைக்கடலை இனம். சில ஊர்களில் வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள், சில ஊர்களில் மணிலாக்கொட்டை. “சட்னியில் கடலை போட்டீர்களா?” என்று என் தங்கை கேட்டால், பொட்டுக்கடலை போட்டவர் ஆமாம் என்பார், வேர்க்கடலை போட்டவர் “இல்லைம்மா, மல்லாட்டைதான்” என்று சொன்னாலும் சொல்வார். இரண்டாவது பதிலை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எண்ணெயிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வாமைப் பொருளிலிருந்து எடுத்த எண்ணெய்க்கு நம் லேபிள் விதியில் விலக்கு இருக்கிறது. நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது என்பது அதற்குப் பின்னாலுள்ள நியாயம். ஆனால் இப்போது ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் செக்கு எண்ணெயில் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் செக்குக் கடலை எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது.

லேபிள் இல்லாத இடங்கள்

மசாலா டப்பாக்களில் நான் எல்லோருக்கும் காட்டுவது பெருங்காயத்தை. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பசையையும் பிசினையும் தவிர மாவும் கலந்திருக்கும். பல டப்பாக்களில் அது கோதுமை மாவு. அரிசிச் சோறு, துவரம்பருப்பு, புளி, காய்கறி என்று கோதுமையின் நிழல்கூட விழாத சாம்பாரில் ஒரு சிட்டிகை பெருங்காயம் வழியாகக் குளூட்டன் வந்துவிடுகிறது. டப்பாவைத் திருப்பினால் தெரியும். சாம்பார் கிண்ணத்தைத் திருப்பினால் தெரியாது.

ஓட்டல், கல்யாணப் பந்தி, ஸ்வீட் ஸ்டால், கோயில் பிரசாதம், இங்கெல்லாம் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்களும், மத்திய உரிமம் வாங்கியவையும் ஒவ்வாமைத் தகவலைத் தர வேண்டும் என்று விதி உண்டு. தெருமுனைக் கடைக்கு அது பொருந்தாது. அங்கே நாம்தான் கேட்க வேண்டும், கேட்கும் முறையும் முக்கியம். “அலர்ஜி இருக்கிறது, இதில் ஏதாவது இருக்கா?” என்று கேட்டால், “ஒண்ணும் பண்ணாதுங்க, சாப்பிடுங்க” என்றுதான் பதில் வரும். பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

என் தங்கை ஸ்வீட் கடையில் கேட்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். “அண்ணா, இதில் வேர்க்கடலை, மல்லாட்டை, பொடித்துக்கூடப் போட்டிருக்கிறீர்களா? இதை எடுக்கிற கரண்டியிலேயே அந்தக் கடலை பர்பியையும் எடுப்பீர்களா?” கடைக்காரர் ஒரு நிமிடம் தட்டையும் கரண்டியையும் பார்த்துவிட்டு, “பாப்பா, இது வேண்டாம். உள்ளே பிரிக்காத டப்பா இருக்கிறது, எடுத்துத் தருகிறேன்” என்றார். டப்பா வந்தது. அவள் அதையும் திருப்பித்தான் பார்த்தாள்.